மீண்டும் மீண்டும்: ஆங்கிலத் தொடர் ஒன்றின் பொருளும் வழக்கும்

ஒரு செயல் பலகால் நிகழ்வதைத் தமிழர் மிக எளிதாகச் சொல்லிவிடுவர். ‘மீண்டும் மீண்டும் கேட்டான்’, ‘திரும்பத் திரும்பப் படித்தாள்’ என்னும் வாக்கியங்களில் ஒரே சொல் அடுக்கி வந்து பன்மையையும் அழுத்தத்தையும் ஒருங்கே உணர்த்துகின்றது. இதனையே இலக்கண நூலார் அடுக்குத்தொடர் என்பர். ஒரு சொல் இரண்டு, மூன்று, நான்கு முறை வரை அடுக்கி வரலாம் என நன்னூல் எல்லை வகுத்துள்ளது. இப்பழக்கத்தோடு ஆங்கிலம் கற்கப் புகும் தமிழர், அம்மொழியில் இதற்கு நேரான தொடர் யாது, அதனை வாக்கியத்தில் எங்கே வைப்பது என்பவற்றை அறிந்துகொள்ளுதல் நன்று.

அத்தொடர் ‘அகெய்ன் அன்ட் அகெய்ன்’ என்பதாகும். ‘அகெய்ன்’ என்பதற்கு இன்று ‘மறுபடியும்’ என்பதே பொருள். ஆனால் பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் முன்வடிவம் ‘எதிராக’, ‘வந்த வழியே திரும்பி’ என்னும் பொருள்களையே தந்தது. எதிர்ப்பைக் குறிக்கும் ‘அகெய்ன்ஸ்ற்’ என்னும் சொல்லும் இதே வேரிற் பிறந்ததே. திரும்பி வருதல் என்ற கருத்திலிருந்தே மறுபடியும் நிகழ்தல் என்ற கருத்துப் பின்னர் வளர்ந்தது. தமிழிலும் ‘மீண்டும்’ என்பது ‘மீள்’ என்னும் வினையடியாகவும், ‘திரும்ப’ என்பது ‘திரும்பு’ என்னும் வினையடியாகவும் பிறந்தவை. ஒன்றோடொன்று உறவில்லாத இரு மொழிகள் இவ்விடத்தில் ஒரே வழியிற் சிந்தித்திருப்பது வியப்புக்குரியது.

எனினும், தொடரை அமைக்கும் முறையில் இரண்டும் வேறுபடுகின்றன. தமிழில் இரு சொற்களுக்கிடையே இணைப்புச் சொல் வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் ‘அன்ட்’ என்னும் இணைப்பு இன்றியமையாதது. ‘அகெய்ன் அகெய்ன் கேட்டான்’ என்னும் பாங்கில் ஆங்கில வாக்கியம் அமைப்பது தமிழ் வழக்கை அப்படியே பெயர்ப்பதாகும். ‘ஓவர் அன்ட் ஓவர்’, ‘மோர் அன்ட் மோர்’, ‘ஒன் அன்ட் ஒன்’ முதலிய தொடர்களும் இவ்வாறே இணைப்புப் பெற்று வருவன. ‘வெரி வெரி’, ‘மெனி மெனி’ போல இணைப்பின்றி அடுக்கும் சொற்களும் ஆங்கிலத்தில் உண்டு. ஆயின் ‘அகெய்ன்’ அவ்வகையைச் சேர்ந்ததன்று.

அடுத்து, தொடர் நிற்கும் இடத்தை நோக்குவோம். தமிழில் வினையடை வினைக்கு முன்னே வரும். ‘மாணவன் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தான்’ என்பதே இயல்பு. ஆங்கிலத்திலோ இத்தொடர் பெரும்பாலும் வாக்கிய இறுதியில் நிற்கும். ‘ஹீ ரெட் த லெசன் அகெய்ன் அன்ட் அகெய்ன்’ என்பது செவ்விய அமைப்பு. வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் இடையே இதனைச் செருகினால் வாக்கியத்தின் ஓட்டம் தடைப்படும். அழுத்தம் மிக வேண்டுமிடத்து வாக்கியத்தின் தொடக்கத்திலும் வைக்கலாம்.

எல்லா வினைகளோடும் இத்தொடர் பொருந்தாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. கேட்டல், முயலுதல், எழுதுதல், தட்டுதல் போன்று பலகால் செய்யக்கூடிய செயல்களோடு அது பொருந்தும். அறிதல், உரிமையாகக் கொண்டிருத்தல் முதலிய நிலைகளைக் குறிக்கும் வினைகளோடு பொருந்தாது. ஒன்றை அறிந்திருப்பவன் அதனை மீண்டும் மீண்டும் அறிந்திருப்பதில்லை அன்றோ?

இனி, மிகுந்த கவனம் வேண்டிய இடம் ஒன்றுண்டு. ‘அகெய்ன் அன்ட் அகெய்ன்’ என்பதன் முதற்சொல்லை மாற்றி ‘நௌ அன்ட் அகெய்ன்’ என்றால், ‘இடையிடையே’, ‘எப்போதாவது’ என்று பொருள்படும். ஓசையில் நெருங்கிய இவ்விரு தொடர்களும் பொருளில் வெகுதூரம் விலகியவை. ஓர் அலுவலகத் தலைவர் தம் எழுதுவினைஞரைப் பற்றி அறிக்கை எழுதுகிறார் எனக் கொள்வோம். அவர் ‘நௌ அன்ட் அகெய்ன்’ தாமதமாக வருபவர் என்றால் அது சிறு குறையே, பெரும்பாலும் மன்னிக்கப்படும். ‘அகெய்ன் அன்ட் அகெய்ன்’ தாமதமாக வந்தார் என்றால் அது குற்றச்சாட்டு. அவருடைய பதவி உயர்வையே தடுத்துவிடலாம். நோயாளி தம் நெஞ்சுவலியைப் பற்றி வைத்தியரிடம் கூறும்போதும் இவ்வாறே. எப்போதாவது வரும் வலிக்கும், விட்டுவிட்டு ஓயாது வரும் வலிக்கும் வைத்தியர் ஒரே முடிவைக் கொள்ளமாட்டார்.

‘வன்ஸ் அகெய்ன்’ என்பது ‘இன்னும் ஒருமுறை’ என்று மட்டுமே பொருள்படும். ஓய்வூதியம் வேண்டி விண்ணப்பித்த ஒருவர், மறுமொழி வராமையால் இரண்டாவது கடிதம் எழுதுகிறார். அதில் ‘வன்ஸ் அகெய்ன்’ எழுதுவதாகக் குறிப்பிட்டால் அது பணிவான நினைவூட்டல். ‘அகெய்ன் அன்ட் அகெய்ன்’ எழுதியதாகக் குறிப்பிட்டால், பல கடிதங்களை அலட்சியம் செய்தீர்கள் என்ற கண்டனம் அதில் தொனிக்கும். இரண்டே கடிதம் எழுதியவர் அவ்வாறு சொல்வது உண்மைக்கும் பொருந்தாது, காரியத்துக்கும் உதவாது. மெய்யாகவே பலமுறை எழுதிப் பயன் காணாதவர் அத்தொடரை ஆள்வதில் தவறில்லை.

‘ரைம் அன்ட் அகெய்ன்’ என்பது ‘பல சந்தர்ப்பங்களில்’ என்ற பொருளில், சற்று வீறு பொருந்திய நடையில் வருவது. இது வினைக்கு முன்னும் இயல்பாக நிற்கும். ‘ஓவர் அன்ட் ஓவர் அகெய்ன்’ என்பது ஒரே செயலை மாற்றமின்றித் தொடர்ந்து செய்வதைச் சுட்டும். இசை பயில்பவர் ஒரே வரியைப் பலகால் பாடிப் பழகுவதற்கு இது பொருத்தமானது.

ஒலியைப் பொறுத்தமட்டில், ‘அகெய்ன்’, ‘அகென்’ என்னும் இரு உச்சரிப்புகளும் ஆங்கிலேயரிடையே வழங்குகின்றன, இரண்டும் ஏற்புடையனவே. எவ்வாறு உச்சரிப்பினும் அழுத்தம் இரண்டாம் அசைமீதே விழவேண்டும். இடையில் உள்ள ‘அன்ட்’ என்பது விரைந்த பேச்சில் மெலிந்து, ‘ன்’ என்னும் ஒலியளவாய்க் குறுகிவிடும். வானொலியில் ஆங்கிலச் செய்தி கேட்கும் நேயர் அச்சொல் விடுபட்டதென மயங்குதலும் கூடும். அது விடுபடவில்லை, மெலிந்து நிற்கின்றது. எழுதும்போது அதனை முழுமையாகவே எழுதவேண்டும்.

ஆகவே, இத்தொடரை எழுதுமுன் மூன்று கேள்விகளை எழுப்பிக்கொள்வது பயன் தரும். செயல் உண்மையிலேயே பலமுறை நிகழ்ந்ததா? அச்செயல் பலமுறை நிகழக்கூடியதா? கடிதத்தைப் பெறுபவருக்கு அது நினைவூட்டலாகத் தோன்றுமா, கண்டனமாகத் தோன்றுமா? இவற்றுக்கு விடை கண்டபின் எழுதுபவரின் வாக்கியத்தில் இலக்கணமும் பிழைபடாது. எண்ணிய கருத்தும் திரிபுபடாது.