கணபதியின் தந்தத்தைத் தேடி ஒரு விளையாட்டு

புதையல் வேட்டை வீடியோ கேம் என்றாலே எகிப்தும் தென் அமெரிக்கக் காடுகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 2017-இல் நாட்டி டாக் நிறுவனம் உருவாக்கிய 'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி' நம்மை மேற்குத் தொடர்ச்சி மலைக்கே அழைத்து வருகிறது.

இந்தியத் தந்தைக்குப் பிறந்த குளோயி ஃப்ரேசரும், தென்னாப்பிரிக்காவின் நடீன் ராஸும் தேடுவது ஹொய்சாள மன்னர்கள் காத்த கணபதியின் தந்தம். ஜீப்பில் சேறும் அருவியும் கடந்து, நாம் விரும்பிய வரிசையில் கோட்டைகளைத் தேடிப்போகும் அந்தப் பரந்த அத்தியாயம்தான் விளையாட்டின் உயிர். பரசுராமரின் கோடரியால் தந்தம் ஒடிந்த கதை ஒரு புதிராகவே வருகிறது. எவ்வளவு அழகு! துப்பாக்கிச் சண்டைகள் மட்டும் பழைய பாணிதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். விளையாட்டில் காட்டுக்குள் மறைந்துகிடக்கும் ஹொய்சாளர் நகரங்களான பேலூரும் ஹளேபீடும் கற்பனை. உண்மையான ஊர்கள் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில், சாலையோரமாகவே இருக்கின்றன. அங்கே மாக்கல்லில் நகைவேலைபோல் செதுக்கிய ஹொய்சாளர் கோயில்களை 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

விளையாட்டு பிளேஸ்டேஷனிலும் கணினியிலும் கிடைக்கிறது. சில நாள் மாலைகளில் முடித்துவிடலாம். விளையாடுங்கள், பிறகு ஹளேபீடுக்கும் ஒருமுறை போய்வாருங்கள்.