சாம்பல் மேட்டில் முளைத்த புல்

ஐப்பசி மழைக்குப் பிறகு சிவகாசியை அடுத்த விஸ்வநத்தம் பக்கமிருந்து சிகிச்சைக்கு வரும் மாடுகளில் சில, கண் திறந்திருந்தும் பார்வையில்லாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கின்றன. பல்லை நறநறவென்று கடிக்கும், வாயில் நுரை தள்ளும், காது துடிக்கும். கன்றுகளே அதிகம். "மூணு நாளா இப்படித்தான் டாக்டர்" என்கிறார்கள். இவை ஈய நஞ்சின் அறிகுறிகள். எங்கே மேய்ந்தது என்று கேட்டால், கழிவு கொட்டி எரிக்கும் பொட்டலைக் காட்டுகிறார்கள். பட்டாசுக் குப்பை, பழைய பேட்டரி, பெயின்ட் டப்பா, அச்சக மை துடைத்த துணி எல்லாம் சேருமிடம் அதுதான்.

எண்ணெய் புகட்டாதீர்கள்

அந்த மூன்று நாளும் வீட்டில் என்ன நடக்கிறது? மூங்கில் குழாயில் நல்லெண்ணெய் புகட்டுகிறார்கள். விழுங்க முடியாத மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போகிறது. நஞ்சிலிருந்து பிழைத்திருக்க வேண்டிய மாடு நிமோனியாவில் சாகிறது. சிலர் சூடு போடுகிறார்கள். தோல் வேகுமே தவிர ஈயம் இறங்காது. மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஊசியைத் தாங்களே போட்டுவிட்டு வருகிறவர்களிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது. வெறிநாய்க்கடி நோயும் இதேபோல் நுரை தள்ளவைக்கும்; அதனால் வாய்க்குள் கையை விடவே விடாதீர்கள். ஈய நஞ்சு என்றால், முதல் நாளே வந்தால் பேதியுப்பு, தயமின், இ.டி.டி.ஏ. ஊசி என்று முயல வழி உண்டு.

"இப்பதான் ஈயம் இல்லையே"

2017 ஜூலையில் ஈயம், பாதரசம், ஆர்சனிக், ஆண்டிமனி, லித்தியம் ஆகியவற்றையும், 2018 அக்டோபரில் பேரியம் உப்புகளையும் பட்டாசில் சேர்க்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது உண்மை. ஆனால் உலோகம் மக்காது. முன்பு விழுந்தது மேல்மண்ணில் அப்படியே கிடக்கும்.

"புல் பச்சைப்பசேல்னு இருக்கே" என்பது அடுத்த வாதம். காட்மியம் ஏறிய புல்லும் பச்சையாகத்தான் இருக்கும். "வேண்டாததை மாடே ஒதுக்கிடும்" என்பதும் தவறு. பேட்டரித் தகட்டைக்கூட நக்கித் தின்னும் பிராணி அது. எரித்த கழிவுச் சாம்பலை உரமென்று தீவனக் காட்டில் தூவுவதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. விறகுச் சாம்பல் வேறு, இது வேறு.

"மாட்டுக்குத்தானே" என்று இருந்துவிடவும் முடியாது. ஈயம் பாலில் இறங்கும். ஒரு கிலோ பாலில் 0.02 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பன்னாட்டு உணவுத்தர வரம்பு. மாடு தேறிய பிறகும் பல வாரங்கள் பாலில் வரும். ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கும்.

தீவனம் வளர்க்க வழி

மண் வள அட்டையில் ஈயமும் காட்மியமும் வராது; தனியாகக் கேட்டுப் பரிசோதியுங்கள்.

ஈயம் வேரில்தான் அதிகம் தங்கும். தாளுக்கு ஏறுவது குறைவு. மாட்டின் வயிற்றுக்குப் போவது பெரும்பாலும் இலையில் ஒட்டிய மண்தான். அதனால் சோளத்தையும் கம்பு நேப்பியரையும் தரையிலிருந்து அரை அடி விட்டு அறுங்கள், அலசிப் போடுங்கள், வேரோடு பிடுங்கிப் போடாதீர்கள். மேய விடுவதைவிட அறுத்துப் போடுவது நல்லது.

தொழுவுரம் தாராளமாக இடுங்கள். சூப்பர் பாஸ்பேட்டில் உள்ள மணிச்சத்து ஈயத்தைக் கட்டும். அதிலேயே இருக்கும் ஜிப்சம் பேரியத்தைக் கரையாத சல்பேட்டாக மாற்றும். எக்ஸ்ரேவுக்கு முன் மனிதர்கள் குடிக்கும் பேரியம் அந்தச் சல்பேட்தான். அது குடலில் உறிஞ்சப்படாமல் வெளியேறிவிடும். கரிசலில் ஏற்கெனவே சுண்ணாம்புச் சத்து இருப்பதால், யாரோ சொன்னாரென்று மேலும் சுண்ணாம்பு கொட்ட வேண்டாம். கடுகும் சூரியகாந்தியும் உலோகத்தை இழுக்கக்கூடியவை. மண்ணைச் சுத்தம் செய்ய வளர்க்கலாம். அந்தத் தட்டையைத் தயவுசெய்து மாட்டுக்குப் போடாதீர்கள்.

வேறு நிலமில்லை என்கிறீர்கள், புரிகிறது. கன்றுகளையாவது அந்தப் பொட்டலில் அவிழ்த்துவிடாதீர்கள். தின்ற ஈயத்தில் பெரிய மாட்டின் உடம்பில் சேர்வதைவிடப் பல மடங்கு கன்றின் உடம்பில் சேர்கிறது. கெஞ்சிக் கேட்கிறேன், அவற்றையாவது தொழுவத்தில் கட்டித் தீவனம் போடுங்கள்.