பழைய படத்தில் நிற்கும் மோட்டார் வண்டி

தோட்டப் பகுதிகளிலே பல குடும்பங்களின் தகரப்பெட்டியில், துணிமணிகளுக்கு அடியில், ஒரு பழைய நிழற்படம் இருப்பதுண்டு. பங்களா வாசலில் ஒரு மோட்டார் வண்டி; அதன்மேல் கை ஊன்றியபடி ஒரு வெள்ளைத்துரை; படத்தின் ஓரத்தில், பாதி வெட்டுண்டவராய், அவ்வண்டியைத் துடைத்து நிறுத்திய நம் பாட்டனார். படத்தின் பின்புறத்தில் பெரும்பாலும் எழுத்து ஏதும் இராது. இருந்தாலும் அது துரையின் பெயராகவே இருக்கும். இப்படம் எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது? பாட்டனார் அப்பொழுது எந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தார்? வீட்டில் விடை கூறுவார் எவரும் இல்லாதபோது, சாட்சி சொல்ல வல்ல பொருள் ஒன்று படத்திலேயே நிற்கின்றது. அதுதான் அந்த மோட்டார் வண்டி.

கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லை, றப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். 1936ஆம் ஆண்டில் கலாநிதி என். எம். பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பிய தொகுதியும் இதுவே. தோட்டத்துரைமாருக்கு அந்நாளில் மோட்டார் வண்டி வெறும் வாகனமன்று; விளையாட்டுப் பொருளுமாகும். நுவரெலியாவிலுள்ள மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் மலையேற்ற மோட்டார்ப் பந்தயம் தொடங்கியது 1934ஆம் ஆண்டிலேயே. ஆஸ்டின், மொறிஸ் முதலிய பிரித்தானிய வண்டிகளே அன்று எங்கும் மலிந்திருந்தன. அவற்றினிடையே ஜேர்மன் வண்டியொன்று வந்து நின்றால், காக்கைக் கூட்டத்திற் புகுந்த கொக்கைப்போல் அது தனித்துத் தெரியும்.

அவ்வாறு தனித்துத் தெரிவதை இனங்காணுவது எப்படி? யுத்தத்துக்கு முந்திய ஜேர்மன் பந்தய வண்டிகளை ஆராய்வோர் உலகெங்கும் உளர். அவர்கள் கையாளும் வழியை நாமும் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் வண்டியின் முகத்தைப் பார்க்க வேண்டும். சிறுநீரக வடிவில் இரண்டு முன்வலைகள் இணைந்து நின்றால் அது பி.எம்.டபிள்யூ. நான்கு வளையங்கள் ஒன்றோடொன்று கோத்திருந்தால் அது ஓட்டோ யூனியன். 1932ஆம் ஆண்டில் ஔடி, டி.கே.டபிள்யூ., ஹோர்ஷ், வாண்டரர் என்னும் நான்கு கம்பனிகள் ஒன்றானதன் அடையாளமே அந்த நான்கு வளையங்கள்.

அடுத்ததாக விளக்குகளைக் கவனிக்க வேண்டும். 1934ஆம் ஆண்டளவில் வந்த பி.எம்.டபிள்யூ. 315/1 என்னும் சிறு பந்தய வண்டியில் முன்விளக்குகள் தனியே நிற்கும். 1936ஆம் ஆண்டில் நூர்புர்க்ரிங் ஓடுபாதையில் முதன்முதல் தோன்றி வெற்றி கண்ட 328 என்னும் வண்டியிலோ, அவை முன்வலைக்கும் மட்கார்ட்டுக்கும் இடையில் பாதி புதைந்திருக்கும். என்ஜின் மூடியின்மேல் தோல்வார்கள் இரண்டு கட்டியிருக்கும். இவ்வகையில் செய்யப்பட்டவை மொத்தம் 464 மட்டுமே. ஆதலால் பழைய படமொன்றில் அது தென்பட்டால் ஆராய்ச்சியாளர் துள்ளிக் குதிப்பதில் வியப்பில்லை.

மூன்றாவது அளவை. வண்டி பக்கவாட்டில் நேராக நிற்கும் படமானால், சில்லின் விட்டத்தையே அளவுகோலாகக் கொண்டு, முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடுவரை எத்தனை சில்லு நீளம் என்று அளந்து பார்க்கலாம். ஆயினும் இதனால் மட்டும் முடிவு கட்டலாகாது. மேற்சொன்ன 315/1, 328 ஆகிய இரண்டுக்கும் அந்த நீளம் 2,400 மில்லிமீற்றர்தான்! விளக்கும் தோல்வாரும் பிரித்துக் காட்டுவதை அளவுகோல் பிரித்துக் காட்டாது.

நான்காவது இலக்கத்தகடு. யுத்தத்துக்கு முந்திய ஜேர்மனியில் 'ஐ ஏ' என்று தொடங்கினால் பேர்லின். ரோமன் இரண்டும் 'ஏ'யும் சேர்ந்தால் மூனிச். ரோமன் மூன்றும் 'ஏ'யும் சேர்ந்தால் ஸ்டுட்கார்ட். நம் நாட்டில் ஐம்பதுகளின் பிற்பகுதியில் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து ஏறிற்று. 1958ஆம் ஆண்டின் 'ஸ்ரீ' எதிர்ப்புப் போராட்டத்தை மூத்தோர் மறந்திரார். அவ்வெழுத்து படத்தில் காணப்பட்டால், வண்டி எவ்வளவு பழையதாயினும் படம் யுத்தத்துக்கு முந்தியதன்று என்பது உறுதி.

இனி, ஏமாறும் இடங்களையும் அறிந்திருத்தல் நன்று. படம் தலைகீழாகாமல் இடம் வலமாக மாறி அச்சாவதுண்டு. அப்போது சுக்கான் பக்கம் மாறும். சட்டைப் பொத்தானும் பக்கம் மாறும். சுக்கான் வலப்பக்கம் இருப்பதனால் மட்டும் அது ஜேர்மன் வண்டியன்று எனத் தள்ளிவிடவும் இயலாது. 1934ஆம் ஆண்டின் ஆல்ப்ஸ் மலைப் பந்தயத்தில் பி.எம்.டபிள்யூ. வண்டிகளின் திறமையைக் கண்ட இங்கிலாந்தின் பிரேசர் நாஷ் கம்பனியார், அவற்றைத் தங்கள் நாட்டுக்கு வருவித்துத் தம் பெயரையும் சேர்த்து விற்றனர். மேலும், யுத்தம் முடிந்த பின்னரும் கிழக்கு ஜேர்மனியின் ஐசனாக் நகரில் பி.எம்.டபிள்யூ. 327 போன்ற பழைய வடிவங்களே ஐம்பதுகளின் நடுப்பகுதிவரை செய்யப்பட்டன. வடிவத்தை மட்டும் நம்பி ஆண்டு குறித்தால் பதினைந்து ஆண்டுகள் பிழைத்துப் போகும்.

படத்தின் அருமையை உணர்த்த வாண்டரர் வண்டிகளின் கதை ஒன்று போதும். பெல்ஜியத்தின் லியேஜிலிருந்து ரோமாபுரி சென்று மீளும் நெடும் பந்தயத்துக்கென, காற்றைக் கிழித்துச் செல்லும் உருண்ட உடலோடு மூன்று வண்டிகளை அந்நிறுவனம் அமைத்தது. அவை 1938, 1939 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஓடின. பின்னர் யுத்தம் வந்தது. அசல் வண்டிகள் மறைந்தன. 2004ஆம் ஆண்டளவில் ஔடி நிறுவனம் அவ்வடிவத்திலேயே மூன்று வண்டிகளை மீளக் கட்டி ஓடவிட்டது. அதே 1939இல் பேர்லின்–ரோம் பந்தயத்துக்கெனத் திட்டமிடப்பட்ட மூன்று போர்ஷே வண்டிகளுக்கோ பந்தயமே நடவாமற் போயிற்று. செப்டம்பரில் யுத்தம் மூண்டது.

துரைமாரின் வண்டி ஆராய்ச்சியால் நமக்கு ஆவதென்ன என்று சிலர் வினவக்கூடும். ஆவது உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம், விண்ணப்பிப்போர் 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் தொடர்ந்து இங்கு வாழ்ந்தவராதல் வேண்டும் என்றது. மணமானவர்க்கு ஏழு ஆண்டுகள். ஏனையோர்க்குப் பத்து ஆண்டுகள். அதாவது 1936, 1939 என்னும் ஆண்டுகளை நோக்கி அவர்கள் விரல் நீட்டிக் காட்ட வேண்டியிருந்தது. கையில் பத்திரம் இல்லாதவர்க்கு அது எத்துணைக் கடினம்! அந்த நாட்களிலேதான் நாம் மேலே கண்ட வண்டிகள் ஓடின. 2003ஆம் ஆண்டின் சட்டம் அந்நெடிய வழக்கை முடித்துவைத்தது. இன்று எவரும் அச்சான்றைக் கேட்பதில்லை. ஆயினும் தம் முன்னோர் எந்த ஆண்டில் எங்கு நின்றார் என்பதை அறிந்துகொள்ளும் உரிமையும் ஆவலும் பேரப்பிள்ளைகளுக்கு உண்டன்றோ? வண்டியின் ஆண்டு தெரிந்தால், அதற்கு முந்தியதாகப் படம் இருக்க முடியாது என்பது தெரிகின்றது. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் தேடலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள பழைய படங்களை வெயில் படாத இடத்தில் வைத்து, தெளிவாகப் பிரதி எடுங்கள். அட்டையில் பொறித்திருக்கும் நிழற்பட நிலையத்தின் பெயரையும் விடாமற் குறியுங்கள். படத்தின் பின்னே மையினால் எழுதாதீர்கள். மெல்லிய பென்சிலே நல்லது. வண்டியின் பெயரை நூல்களிலிருந்து என்றைக்கும் கண்டுபிடித்துவிடலாம். ஓரத்தில் நிற்கும் சாரதியின் பெயரையும், சில்லருகே குந்தியிருக்கும் கிளீனர்ப் பையனின் பெயரையும் எந்த நூலும் சொல்லாது. அவற்றை அறிந்த முதியோர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களை இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.