ஆறாவது ஆட்டக்காரி

2025-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் நாள் திருத்தந்தையாகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற பதினான்காம் லியோ அவர்கள் டென்னிஸ் விளையாட்டில் விருப்பமுடையவர் என்னும் செய்தி நம்மில் பலருக்கு வியப்பை அளித்தது. அவர் பொறுப்பேற்ற ஒரு வாரத்திற்குள்ளாகவே, மே 14 அன்று, இத்தாலிய வீரர் யானிக் சின்னர் வத்திக்கானில் அவரைச் சந்தித்து, டென்னிஸ் மட்டை ஒன்றை அன்பளிப்பாக வழங்கினார். வெள்ளை அங்கி அணிந்த திருத்தந்தையின் கையில் மட்டையும் பந்தும்! விளையாட்டு வீண்பொழுது என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் சற்று நின்று நோக்க வேண்டிய காட்சி அது.

பேரணாம்பட்டில் வாழும் நமக்கும் டென்னிஸ் விளையாட்டுக்கும் என்ன உறவு என்று வாசகர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தோல் பதனிடும் தொழிலையும், காலணித் தொழிற்சாலைகளையும், பீடி சுற்றும் வேலையையும் நம்பி வாழும் ஊர் இது. டென்னிஸ் செல்வந்தர் விளையாட்டு. நம் பெண்பிள்ளைகள் அறிந்தவை கோ-கோவும், கபடியும், எறிபந்தும், டென்னிகாய்ட் வளையமும்தாம். ஆயினும் இக்கட்டுரை மட்டையைப் பற்றியதன்று. மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் மனிதரைப் பற்றியது.

நம் வீடுகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் மான்போல் ஓடும் சிறுமி, பருவமெய்தியதும் ஆடுகளத்தை விட்டு மறைந்துவிடுகிறாள். அவளது கால்களின் விரைவு ஒரே நாளில் குறைந்துவிடுவதில்லை. அவள் அருகில் நின்ற பெரியவர்கள்தாம் அந்த நாளில் விலகிக்கொள்கிறார்கள். பிறகு அவள் காலையில் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நிற்கிறாள். அல்லது வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்கிறாள். உழைப்பு உயர்ந்ததே, அதில் இழிவில்லை. ஆனால் இறைவன் அவளுக்கு அளித்த தாலந்தை மண்ணில் புதைத்தவர் யார் என்று ஒருநாள் நம்மிடம் கணக்குக் கேட்கப்பட்டால், என்ன விடை கூறுவோம்?

கோயம்புத்தூர்த் தந்தை

1934-ஆம் ஆண்டில் லீலா ராவ் என்னும் இந்தியப் பெண்மணி விம்பிள்டனில் ஓர் ஒற்றையர் ஆட்டத்தை வென்றார். அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உருண்டோடின. 1998-ஆம் ஆண்டு சனவரியில், மெல்போர்ன் நகரில் நடைபெற்ற ஆஸ்திரேலிய ஓபன் போட்டியில், கோயம்புத்தூரைச் சேர்ந்த நிருபமா வைத்தியநாதன் இத்தாலிய வீராங்கனை குளோரியா பிட்சிகினியை முதல் சுற்றில் வென்றார். தொழில்முறை வீரர்களுக்கும் வாயில் திறந்துவிடப்பட்ட 1968-க்குப் பின், பெரும்போட்டி ஒன்றின் ஒற்றையர் முதன்மைச் சுற்றில் வெற்றி கண்ட முதல் இந்தியப் பெண் அவரே. அதே ஆண்டு பாங்காக்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில், மகேஷ் பூபதியுடன் இணைந்து கலப்பு இரட்டையர் ஆட்டத்தில் வெண்கலப் பதக்கமும் பெற்றார்.

இவரை உருவாக்கியவர் இவரது தந்தை வைத்தியநாதன். அவர் டென்னிஸ் வீரரல்லர், கிரிக்கெட் ஆடியவர். தாம் அறியாத விளையாட்டைத் தாமே முயன்று கற்று, தம் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அண்ணன்மாரோடு ஆடத் தொடங்கிய சிறுமியை, "இது ஆண்பிள்ளைகள் ஆட்டம், நீ வீட்டுக்குப் போ" என்று அவர் அனுப்பிவிடவில்லை. பதின்பருவத்திலேயே அவள் தேசிய வாகையர் பட்டம் வென்றாள். நம்மூரில் பல பெண்பிள்ளைகளின் விளையாட்டு முடிவுறும் அதே வயதில்தான் அவளுடைய விளையாட்டு தொடங்கியது எனலாம்.

அதனினும் பெரிய செயல் ஒன்றையும் அந்தத் தந்தை செய்தார். மகள் வளர்ந்தபோது அவளைத் தனியே ஐரோப்பாவுக்குச் செல்ல விட்டார். பிள்ளையின் வெற்றியைத் தம் வெற்றியாக்கிக்கொண்டு, பிள்ளையை மூச்சுத் திணற வைக்கும் தந்தையரும் விளையாட்டு உலகில் உளர். உடன் நிற்பதும் ஒரு கலை. உரிய காலத்தில் கையை விடுவதும் ஒரு கலை. இரண்டும் அறிந்தவரே நல்ல பயிற்சியாளர், நல்ல பெற்றோரும் ஆவார்.

நிருபமா பின்னர் திருமணமாகி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் குடியேறினார். தாயான பின்னும், 2010-ஆம் ஆண்டில் மீண்டும் இந்திய அணிக்காக ஆடினார். உயரத் தூக்கி அடிக்கும் பந்துக்கு டென்னிஸ் உலகில் வழங்கும் 'மூன்பால்' என்ற சொல்லை ஒட்டி, 'தி மூன்பாலர்' என்று பெயரிட்டுத் தம் வாழ்க்கை வரலாற்றை 2013-இல் வெளியிட்டார். தந்தையிடம் கற்றவர், இன்று பிறர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சியாளர்.

கல்லூரி ஆடுகளத்தில் ஒரு வாழ்நாள்

நிருபமா குடியேறிய அதே கலிபோர்னியாவில்தான், கல்லூரிப் பெண்களுக்குப் பயிற்சியளிப்பதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்ட மற்றொரு பெண்மணியும் புகழ்பெற்றார். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் லேலே ஃபோரூட் என்பவரே அவர்.

அமெரிக்காவிலும் பெண்களுக்குக் கல்லூரி ஆடுகளம் எளிதில் திறந்துவிடவில்லை. அரசு நிதியுதவி பெறும் கல்வி நிறுவனங்களில் ஆண் பெண் என்று வேறுபாடு காட்டலாகாது என்னும் சட்டம் 1972-ஆம் ஆண்டில்தான் பிறந்தது. அதன் பின்னரே கல்லூரிகள் பெண்களின் அணிகளுக்குப் பணமும் ஆடுகளமும் பயிற்சியாளரும் கொடுக்கலாயின. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பெண்களுக்கான டென்னிஸ் வாகையர் போட்டியை 1982-இல் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே வாகை சூடியது ஸ்டான்போர்டு. அப்போதைய பயிற்சியாளர் பிராங்க் பிரென்னன், 2000-ஆம் ஆண்டில் ஓய்வு பெறுவதற்குள் 10 முறை அப்பட்டத்தை வென்றிருந்தார். 1986 முதல் 1991 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் வென்றதும் அதில் அடங்கும்.

லேலே ஃபோரூட் 1970-களில் அதே கல்லூரியின் மாணவியாக ஆடியவர். பின்னர்த் தொழில்முறை ஆட்டக்காரியாக உலகைச் சுற்றியவர். திரும்பி வந்தபோது தலைமைப் பதவி எதுவும் அவருக்குக் காத்திருக்கவில்லை. பிரென்னனுக்குத் துணைப் பயிற்சியாளராகப் பத்தாண்டுகளுக்கும் மேல் பணியாற்றினார். வெற்றி வந்தபோது புகழ் தலைவருக்குச் சென்றது. விடியற்காலைப் பயிற்சியில் பந்து வீசியவரைப் பேசியவர் சிலரே. அந்த இரண்டாம் இடத்தில் முணுமுணுப்பின்றி நின்றவர், தலைமைப் பொறுப்பேற்ற முதல் பருவத்திலேயே, அதாவது 2001-இல், வாகை சூடினார். தொடர்ந்து 2002, 2004, 2005, 2006, 2010, 2013, 2016, 2018, 2019 ஆகிய ஆண்டுகளிலும் வென்று, தம் ஆசான் பெற்ற 10 பட்டங்களுக்கு நிகராகத் தாமும் 10 பட்டங்களைப் பெற்றார்.

எல்லோருக்கும் ஒரே மதிப்பு

இவ்வெற்றிகளின் சிறப்பை உணர, அந்நாட்டுக் கல்லூரி டென்னிஸ் ஆட்டத்தின் முறையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். இரண்டு கல்லூரிகள் மோதும்போது முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள் நடைபெறும். அவற்றில் இரண்டை வெல்லும் அணிக்கு 1 புள்ளி. பின்னர் ஆறு ஒற்றையர் ஆட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. ஆக மொத்தம் 7 புள்ளிகள். முதலில் 4 புள்ளிகளை எட்டும் அணி வெற்றி பெறும்.

அணியின் தலைசிறந்த ஆட்டக்காரி முதல் ஆடுகளத்தில் ஆடுவாள். அவளைப் பற்றித்தான் செய்தித்தாள்கள் எழுதும். ஆறாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவள் கடைசி ஆடுகளத்தில் ஆடுவாள். அங்கே கூட்டம் குறைவு, கைதட்டலும் குறைவு. ஆனால் முதலாமவள் வென்றாலும் 1 புள்ளி. ஆறாமவள் வென்றாலும் அதே 1 புள்ளி! முதல் ஆட்டக்காரியை மட்டும் சீராட்டி வளர்க்கும் பயிற்சியாளர் இந்த ஆட்டத்தில் வெல்ல முடியாது.

2013-ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு அணி, போட்டித் தரவரிசையில் 12-ஆம் இடத்தில் இருந்தது. 2016-இலும் 2018-இலும் 15-ஆம் இடம். இந்த அணி வாகை சூடும் என்று கருதியவர் மிகச் சிலரே. அந்த மூன்று ஆண்டுகளிலும் இறுதி ஆட்டம் 3-க்கு 3 என்ற நிலை வரை சென்று, எஞ்சியிருந்த கடைசி ஆட்டத்தில் முடிவாயிற்று. மூன்று முறையும் ஸ்டான்போர்டு 4-3 என்று வென்றது. மற்றவர்கள் ஆடி முடித்துவிட்டு வேலியோரம் நின்று பார்க்க, ஒரே ஒரு பெண்ணின் கையில் அணி முழுவதன் தலைவிதியும் தங்கியிருக்கும் நிலை அது. அந்த ஒருத்தி யாராக இருப்பாள் என்று பருவத்தின் தொடக்கத்தில் எவரும் சொல்ல முடியாது. ஆகவே அனைவரையும் அந்த ஒருத்தியாகவே எண்ணிப் பயிற்றுவிக்க வேண்டும்.

உடல் ஒன்று, உறுப்புகள் பல; வலுவற்றவையாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் கற்பிக்கிறார் அன்றோ? திருப்பலியில் நாம் பன்முறை கேட்ட அந்தப் போதனையை ஆடுகளத்தில் எண்ணிக்கையாகவே காண்கிறோம்.

நம் மறைமாவட்டத்தின் மரபு

இக்கருத்து நமக்குப் புதிதன்று. 1952-இல் உருவான வேலூர் மறைமாவட்டம் சலேசிய சபையினரின் உழைப்பால் செழித்தது. அவர்களின் தந்தையாகிய புனித தொன் போஸ்கோ, தூரின் நகரின் ஏழைச் சிறுவர்களை முதலில் திரட்டியது விளையாட்டுத் திடலில்தான். ஆசிரியர் பிள்ளைகளோடு திடலில் இருக்க வேண்டும். பிழை செய்தபின் தண்டிப்பதைவிட, பிழை நேராதவாறு உடன் நிற்பதே மேல் என்பது அவரது கல்வி முறையின் உயிர்நாடி. புனித மரிய மசரெல்லோவின் வழிவந்த சலேசிய அருட்சகோதரிகள் காட்பாடியில் ஆக்சிலியம் மகளிர் கல்லூரியை 1954-இல் தொடங்கினார்கள். நம் பெண்மக்கள் உயர்கல்வி பெற அன்றே ஒரு கதவு திறந்தது. கதவு வரை பிள்ளையை அழைத்துச் செல்ல வேண்டியவர்கள் நாம்.

பெற்றோர் செய்யத்தக்கவை

முதலாவதாக, மகள் பருவமெய்தியதும் ஆட்டத்தை நிறுத்துவது கட்டாயம் என்னும் எண்ணத்தை விடுவோம். அவளுக்கு அப்போது தேவைப்படுவது ஏற்ற உடையும், மாதவிடாய் நாட்களில் உரிய வசதியும், தாயின் அன்பான அறிவுரையுமே.

இரண்டாவதாக, அவளது பாதுகாப்பைக் குறித்த நம் அச்சம் பொருளற்றதன்று. ஆகவே அச்சத்தைச் செயலாக்குவோம். பயிற்சியளிப்பவர் யார், எப்படிப்பட்டவர் என்று விசாரிப்போம். பெண் ஆசிரியையோ அருட்சகோதரியோ உடனிருக்கக் கேட்போம். வாரம் ஒரு நாளாவது தந்தையோ தாயோ திடலோரம் சென்று நிற்போம்.

மூன்றாவதாக, உணவு. விலை மிகுந்த சத்துமாவு எதுவும் வேண்டாம். கேழ்வரகுக் களி, வேர்க்கடலை, முட்டை, கீரை ஆகியவை நம் சமையலறையிலேயே உள்ளன. ஆண்பிள்ளைக்கு முட்டை, பெண்பிள்ளைக்கு மிச்சம் என்னும் வழக்கம் எந்த வீட்டிலாவது இன்னும் இருந்தால், அது இன்றோடு ஒழியட்டும்.

நான்காவதாக, பதக்கத்தை மட்டுமே எதிர்பார்க்க வேண்டாம். விளையாட்டு வீரர்களுக்கு உயர்கல்வியிலும் அரசுப் பணியிலும் இட ஒதுக்கீடு உண்டு என்பது உண்மையே. அதைக் கேட்டறிந்து பயன்படுத்துவோம். ஆயினும் ஆடுகிற பெண்பிள்ளைகளுள் பெரும்பாலோர் நிருபமா ஆகமாட்டார்கள். தோற்றபின் எதிராளியின் கையைப் பற்றிக் குலுக்கவும், மறுநாள் காலை மீண்டும் எழுந்து வரவும் அவர்கள் கற்பார்கள். நாளை தொழிற்சாலையிலும் குடும்பத்திலும் அநீதி நேரும்போது நிமிர்ந்து நின்று பேசும் துணிவையும் அந்தத் திடலே அவர்களுக்குத் தரும்.

பங்கிலே மறைக்கல்வி முடிந்த ஞாயிறு காலையில், கோயில் வளாகத்தில் ஒரு மணி நேரம் நம் பெண்பிள்ளைகளுக்கென்று ஒதுக்கலாகாதா? இரண்டு கம்பமும் ஒரு வலையும் ஒரு பந்தும் போதும். பிள்ளைகள் வந்து சேர்வார்கள். அவர்களுள் ஒருத்தி நன்றாக ஆடுவாள். அனைவரும் அவளையே பார்ப்பார்கள். நாம் சற்றுத் திரும்பி, ஓரத்தில் தயங்கி நிற்கும் ஆறாவது சிறுமியையும் பார்ப்போம். அவள் பெயர் சொல்லி அழைப்போம்.

தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் விட்டுவிட்டு ஒன்றைத் தேடிச் சென்ற ஆயன் செய்ததும் அதுவே.