சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் கத்தி



என் அப்பா மாட்டுத் தரகர். பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்காதவர். ஆனால் சந்தையில் அவர் பேசும் பாஷை எம்.ஏ. படித்தவருக்கும் புரியாது! இரண்டு பேர் கையோடு கை சேர்த்து, மேலே துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்தே விலை முடிந்துவிடும். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் புத்தகப் பை தூக்கியவன் நான். பள்ளியில் தமிழ் ஐயா 'குழூஉக்குறி' பாடம் நடத்தினார். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துப் பேசுவது குழூஉக்குறி. பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பது உதாரணம். எனக்கு அப்பாவின் துண்டு ஞாபகம் வந்தது. அதே பாடத்தில் 'மங்கலம்' என்றும் ஒன்று உண்டு. செத்தார் என்று சொல்லாமல் 'இயற்கை எய்தினார்' என்பது.

இந்த இரண்டையும் சேர்த்து மனிதர்களைக் கொல்லவும் முடியும் என்று அன்று எனக்குத் தெரியாது.

'கரப்பான்பூச்சி'யும் 'வேலை'யும்

ஆப்பிரிக்காவில் ருவாண்டா என்றொரு சின்ன நாடு. 1993 ஜூலையில் அங்கே ஆர்.டி.எல்.எம். என்ற தனியார் வானொலி தொடங்கியது. நல்ல பாட்டு, கிண்டல், கேலி என்று இளைஞர்களுக்கு ரொம்பப் பிடித்த நிலையம். அதில் 'இன்யென்சி' என்ற சொல் ஓயாமல் வரும். அவர்கள் மொழியில் அதற்குக் கரப்பான்பூச்சி என்று பொருள். 1960களில் அகதிகளாக வெளியேறி, எல்லை தாண்டி வந்து தாக்கிய துட்சி இனப் போராளிகளுக்கு வந்த பெயர் அது. முப்பது வருடம் கழித்து வீட்டில் அடுப்பூதும் துட்சிப் பெண்ணுக்கும், தொட்டில் குழந்தைக்கும் அதே பெயர்!

இன்னொரு சொல் 'வேலை'. 'வேலைக்குப் போங்கள்' என்றால் கொல்லப் போங்கள் என்று அர்த்தம். 'கருவி' என்றால் வெட்டுக்கத்தி. பாருங்கள், முதலாவது குழூஉக்குறி. இரண்டாவது கொலைக்குப் பூசிய மங்கலம்!

1994 ஏப்ரல் 6ஆம் தேதி அந்நாட்டு ஜனாதிபதியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த சுமார் 100 நாட்களில் ஏறத்தாழ 8 லட்சம் பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. கணக்கு. பெரும்பாலோர் துட்சி மக்கள்; அவர்களைக் காக்க நினைத்த ஹூட்டு மக்களும் உண்டு.

2003 டிசம்பரில் தான்சானியாவின் அருஷா நகரில் சர்வதேசத் தீர்ப்பாயம் அந்த வானொலியை நிறுவியவர்கள் இருவரையும், ஒரு பத்திரிகை ஆசிரியரையும் குற்றவாளிகள் என்றது. 2007இல் மேல்முறையீட்டில் சில குற்றச்சாட்டுகள் தள்ளுபடியாகித் தண்டனை குறைந்தது. ஆனாலும் மூவரும் குற்றவாளிகளே என்பது மாறவில்லை. கத்தியைத் தொடாமல் பேச்சாலும் எழுத்தாலும் செய்த குற்றம் அது!

கம்ப்யூட்டர் ஏன் ஏமாறுகிறது?

இப்போது நம்ம பாடத்துக்கு வருவோம். கெட்ட வார்த்தையைத் தடுக்க ஒரு புரோகிராம் எழுதச் சொன்னால் நாம் என்ன செய்வோம்? ஒரு பட்டியல் போடுவோம். அந்தச் சொல் வந்தால் நீக்கு, வராவிட்டால் விடு. எளிதான 'இஃப்' கட்டளை, அவ்வளவுதான்.

இதை ஏமாற்றுவது அதைவிட எளிது. 2016இல் கூகுளைச் சேர்ந்த ஒரு நிறுவனம் வசைச் சொற்களைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை அறிவித்தது. உடனே அமெரிக்காவில் வெறுப்பைப் பரப்பும் கூட்டத்தார் ஒரு தந்திரம் செய்தார்கள். கறுப்பின மக்களைக் 'கூகுள்' என்றும், யூதர்களை அன்றைக்கு இருந்த 'ஸ்கைப்' பெயராலும், மெக்சிகோ மக்களை 'யாகூ' என்றும் எழுத ஆரம்பித்தார்கள். கூகுள் என்ற சொல்லைக் கூகுளே எப்படித் தடை செய்யும்?

எண்களும் இதற்கு உதவும். ஆங்கில எழுத்து வரிசையில் எட்டாவது எழுத்து 'எச்'. அதனால் 88 என்றால் 'ஹெயில் ஹிட்லர்'!

சரி, பட்டியலை இன்னும் நீட்டினால்? அதிலும் ஆபத்து. பர்மாவில் இந்திய வம்சாவளியினரையும் முஸ்லிம்களையும் இழிவாகச் சொல்ல 'கலா' என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள். அங்கே வாழும் நம் தமிழர்களும் அந்தச் சொல்லைக் கேட்டவர்களே. 2017இல் ஃபேஸ்புக் அதைத் தடுத்தது. பர்மிய மொழியில் கொண்டைக்கடலைக்குக் 'கலா பே' என்று பெயர். கடலையைப் பற்றி எழுதியவர்களின் பதிவும் காணாமல் போனதுதான் மிச்சம்!

ஆக, சொல்லைத் தனியாகப் பார்த்தால் போதாது. கூட வரும் சொற்களையும் பார்க்க வேண்டும். ஒரு டெலிபோன் மென்பொருளை 'நாட்டை விட்டுத் துரத்து' என்று யாராவது சொல்வார்களா? சொன்னால், அங்கே பேச்சு மென்பொருளைப் பற்றியது அல்ல. 2017இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இந்த வழியில்தான் கம்ப்யூட்டருக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

நானும் சிரித்தேன்

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று நினைக்காதீர்கள். மூன்று வருடம் முன்பு, பத்தாவது லீவில், எங்கள் ஊர் கிரிக்கெட் டீமின் வாட்ஸ்ஆப் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். 'ரேஷன் வந்துட்டானா?', 'ரேஷனுக்கு பேட்டிங் கிடையாது' என்று வரும். எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்; நானும் போட்டேன். ஒரு ராத்திரி, 'ஞாயித்துக்கிழமை மேட்ச்ல ரேஷன் கார்டைக் கிழிக்கணும், ஸ்டம்ப் எக்ஸ்ட்ரா எடுத்துட்டு வாங்க' என்று வந்தது. எனக்குத் திக்கென்றது. கார்டைக் கிழிக்க ஸ்டம்ப் எதற்கு? 'ரேஷன்' என்பது காலனித் தெருப் பையன்கள். அதில் ஒருவன் என் பெஞ்சு நண்பன்!

அப்பாவிடம் போனைக் காட்டிப் படித்துச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்களும் மறைச்சுத்தான்டா பேசுறோம். ஆனா துண்டுக்குள்ள மாட்டுக்குத்தான் வெலை பேசுவோம், மனுசனுக்கு இல்ல" என்றார். அந்த ராத்திரியே ஊர்ப் பெரியவர்களைப் போய்ப் பார்த்தார். மேட்ச் நின்றது. அடியும் நின்றது.

நண்பனிடம், "எனக்கு அர்த்தம் தெரியாதுடா" என்றேன். "தெரியாதுன்னு எனக்கும் தெரியும்டா. ஆனா நீ சிரிச்சது வந்துச்சே" என்றான். இதை எழுதும்போதும் என் கை கூசுகிறது.

நண்பர்களே, சிந்திப்போம்!

மறைசொல்லால் பேசுபவனுக்கு மூன்று லாபம். ஒன்று, காவலைத் தாண்டலாம். இரண்டு, பிடிபட்டால் 'சும்மா தமாஷ்' என்று தப்பிக்கலாம். மூன்றாவதுதான் கொடியது: மனிதன் பெயரைச் சொன்னால் மனசாட்சி உறுத்தும், கரப்பான்பூச்சி என்றால் உறுத்தாது.

எனவே புதிய சொல் ஒன்று காதில் விழுந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இது யாரைக் குறிக்கிறது? அவர்கள் எதிரில் இருந்தால் இதைச் சொல்வோமா? இதற்குப் பின்னால் வரும் வினைச்சொல் என்ன: துரத்து, கிழி, ஒழி என்று வருகிறதா? பதில் கிடைக்கும்வரை சிரிக்காதீர்கள். பதில் கிடைத்துவிட்டால் சும்மா இருக்காதீர்கள். பெரியவர் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

நாளை நாம் புரோகிராம் எழுதப் போகிறவர்கள். எந்தப் புரோகிராமும் நமக்குப் பதிலாக வெட்கப்படாது. அதை நாம்தான் செய்ய வேண்டும்!

— மூன்றாமாண்டு மாணவன்,
கம்ப்யூட்டர் என்ஜினீயரிங்