நூறு மாணவர் இல்லையெனில் ஓவிய ஆசிரியர் இல்லை

புது தில்லி: பள்ளிகளில் கலைக் கல்வி வேண்டும் என்று சொல்வதில் மத்திய ஆட்சியாளர்கள் சிக்கனம் காட்டியதில்லை. அதைக் கற்பிக்க ஆசிரியரை நியமிக்கும்போதுதான் கை சுருங்குகிறது.

பத்தாம் வகுப்பு வரை கலை கட்டாயப் பாடமாக வேண்டும் என்றது 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பு. வாரம் இரண்டு பாடவேளைகளையாவது ஒதுக்குமாறு 2019-இல் சிபிஎஸ்இ தன் பள்ளிகளைப் பணித்தது. 2024-இல் மூன்றாம், ஆறாம் வகுப்புகளுக்குக் கலைப் பாடநூல்களே வந்துவிட்டன.

அவற்றை நடத்துவது யார்? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணையைப் புரட்டினால் விஷயம் விளங்கும். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் மாணவர் எண்ணிக்கை 100-ஐத் தாண்டினால்தான் கலைக்குத் தனிப் பயிற்றுநர். அவரும் பகுதி நேரப் பணியாளர். ஐந்தாம் வகுப்பு வரை அதுவும் கிடையாது. வகுப்புக்கு 30 பேர் வீதம் 90 பேர் பயிலும் மலைக் கிராமப் பள்ளிக்குச் சட்டம் தரும் பதில், இல்லை என்பதே. இது குறைந்தபட்ச அளவுதான், மாநிலங்கள் கூடுதலாக நியமிக்கத் தடையில்லை என்று வாதிடலாம். குறைந்தபட்சமே உச்சவரம்பாகிவிடுவது நம் நிர்வாகத்தின் பழைய வழக்கம்.

கணக்கு ஆசிரியரே கோலத்தைக் காட்டி வடிவியல் நடத்தட்டும் என்கிறது 'கலை ஒருங்கிணைந்த கற்றல்'. நல்ல முறைதான். ஆனால், அங்கே கலை கணக்குக்கு ஊழியம் செய்கிறதே தவிர, தனக்கென நின்று பேசுவதில்லை. சாந்திநிகேதனில் பயின்று, 1944 முதல் காந்தியடிகளின் சேவாகிராமப் பள்ளியில் ஓவியம் கற்பித்த தேவி பிரசாத், கலையைக் கல்வியின் அலங்காரமாக அன்றி அடித்தளமாகவே கருதினார். அவரது நூலின் தலைப்பே அதுதான்.

தகுதியுள்ளோர் கிடைக்கவில்லை என்பதும் ஏற்கத்தக்கதன்று. பிகாரின் மிதிலைப் பகுதியில் தாயிடமிருந்து மகள் கற்றுவந்த சுவரோவியம், 1960-களின் வறட்சிக் காலத்தில் நிவாரணப் பணியாகத் தாளுக்கு மாறி, ஏழைப் பெண்களுக்குப் பிழைப்புத் தந்தது. அவர்களுள் ஒருவரான ஜகதம்பா தேவிக்கு 1975-இல் பத்மஸ்ரீ விருது வழங்கிய அரசு, அவரிடம் பி.எட். சான்றிதழ் கேட்கவில்லை. உள்ளூர்க் கலைஞர்களைப் பயிற்றுநர்களாக அமர்த்தலாம் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கூறுகிறது. ஊதியம் எந்தக் கணக்கில் என்பதில்தான் சிக்கல்.

100 மாணவர் வரம்பை நீக்கப் புதிய மசோதா தேவையில்லை. அட்டவணையில் உள்ள நெறிகளைச் சேர்க்கவும் நீக்கவும் சட்டத்தின் 20-ஆவது பிரிவு மத்திய அரசுக்கே அதிகாரம் அளித்துள்ளது. அரசிதழில் ஓர் அறிவிக்கை போதும்.