கொட்டகையில் கிடக்கும் பழைய மோட்டார் வண்டிகளும் டிராக்டர்களும்: விற்குமுன் கவனிக்க வேண்டியவை

ஓட்டம் நின்றுபோன மோட்டார் வண்டியைப் பழைய இரும்பு வியாபாரியிடம் நிறுத்துக் கொடுத்துவிடுவது நம் கிராமங்களில் வழக்கமாயிருந்து வருகிறது. கருங்குழி, மதுராந்தகம் முதலிய இடங்களில் நிலமுடைய குடும்பங்களின் கொட்டகைகளில், பாட்டனார் காலத்துக் காரோ, மோட்டார் சைக்கிளோ, டிராக்டரோ வைக்கோலுக்கும் உரமூட்டைகளுக்கும் இடையே கிடப்பதுண்டு. அறுவடைக் காலத்தில் இடம் வேண்டியோ, பாகப்பிரிவினையின்போது தொல்லை தீர்ந்தால் போதுமென்றோ அது எடைக்குப் போய்விடுகிறது. அவ்வாறு கொடுக்குமுன் அப்பொருள் யாது, அதன் பத்திரங்கள் எங்கே, அதை விரும்பி வாங்குவோர் யார் என்ற மூன்றையும் விசாரித்தறிவது அவசியம். பழைய வண்டியின் மதிப்பு அதன் எடையில் இல்லை. கலையாத உருவிலும் சரியான பத்திரத்திலுமே இருக்கிறது.

இப்பகுதியோடு தொடர்புடைய வண்டிகள்

கருங்குழி வழியாகத் தெற்கே செல்லும் டிரங்க் ரோட்டின் ஓரத்திலேயே, வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியாரின் தொழிற்சாலை இருந்தது. வான்கார்டு கார்களும், 1961ஆம் ஆண்டு முதல் ஹெரால்டு கார்களும் இக்கம்பெனியாரிடமிருந்து வெளிவந்தன. 1980களின் இறுதியில் உற்பத்தி நின்றுவிட்டமையால், எஞ்சியுள்ளவை அருகி வருகின்றன. திருவொற்றியூரில் 1955ஆம் ஆண்டில் என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிள்களைப் பூட்டத் தொடங்கினர்.

டிராக்டர்களின் வரலாறும் அறியத்தக்கது. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கு மேற்பட்ட சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டர்கள் செய்யப்பட்டன; நம் நாட்டுக்கும் அவை இறக்குமதியாயின. கலப்பையை மூன்று இடங்களில் பிணைத்து எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் அமைப்பை உலகெங்கும் பரப்பியது இவ்வகை டிராக்டரே. வான்கார்டு காரின் எஞ்சினும், ஃபெர்குசன் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றின் எஞ்சினும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இந்தியாவிலேயே டிராக்டர் செய்வது 1959ஆம் ஆண்டில் ஃபரீதாபாத்தில் ஐஷர் கம்பெனியாரால் தொடங்கிற்று. 1960ஆம் ஆண்டில் சென்னையில் ஏற்பட்ட டாஃபே கம்பெனியார், மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்யத் தலைப்பட்டனர். ஆகவே அக்காலத்து டிராக்டர் ஒன்று கொட்டகையில் இருக்குமாயின், அது நம் வேளாண்மை மாறிய வரலாற்றுக்கே ஒரு சாட்சியாகும்.

சட்டம் கூறுவது

மத்திய சர்க்கார் 2021ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனிப் பதிவு முறையை ஏற்படுத்தினர். முதற்பதிவு பெற்று 50 ஆண்டுகள் கடந்து, பூர்வ உருவம் பெரிதும் மாற்றப்படாமல் இருக்கும் வண்டிகளுக்கு இது பொருந்தும். புதுப் பதிவுக்கு விதிக்கப்பட்ட கட்டணம் 20,000 ரூபாய். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். இவற்றுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துக்களுடன் கூடிய எண் தரப்படும். இவ்வண்டிகளைக் கண்காட்சிக்கும், அணிவகுப்புக்கும், பழுது பார்க்கவும் ஓட்டிச் செல்லலாமேயன்றி, அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ பயன்படுத்தலாகாது.

குடியானவர்கள் முக்கியமாய் நினைவிற் கொள்ள வேண்டுவது ஒன்று. மேற்கண்ட சலுகை இருசக்கர வண்டிகளுக்கும் பிரயாணிக் கார்களுக்குமே உரியது. டிராக்டர் அதில் சேராது. டிராக்டருக்குச் சாதாரணப் பதிவே உண்டு. அது 15 ஆண்டுகளுக்குப்பின் ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். புதுப்பிக்கப்படாத டிராக்டரை வாங்குவோர் சாலையில் ஓட்டாமல் லாரியில் ஏற்றிச் செல்வதே முறை.

பத்திரங்களும் வாரிசுகளும்

வண்டி பாட்டனார் பெயரிலேயே இருப்பின், முதலில் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று பெற வேண்டும். இதற்கான விசாரணை கிராம நிர்வாக அலுவலர் வழியாகவே நடைபெறுவதால், நிலத்தின் பட்டா மாற்றம் குறித்து வருவோரிடம் வண்டியைப் பற்றியும் அவ்வலுவலர்கள் ஒரு வார்த்தை கேட்டு வைப்பது பிற்காலத்து வழக்குகளைத் தவிர்க்கும். சான்று கிடைத்தபின் 31ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்து உரிமையை மாற்றிக் கொள்ளலாம். பதிவுப் புத்தகம் காணாமற் போயிருந்தால் 26ஆம் எண் படிவத்தில் நகல் கோரலாம். பழைய வரி வில்லைகள், கம்பெனியின் ரசீது, கையேடு ஆகியவற்றையும் ஒருங்கே கட்டி வைக்க வேண்டும்.

வண்டியைக் காக்கும் வகை

வாங்குவோர் வருகிறார்கள் என்று புது வர்ணம் பூசுவது வீண் செலவு. சில சமயம் நஷ்டமுமாகும். பூர்வ வர்ணம் மங்கியிருப்பினும் சேகரிப்போர் அதையே விரும்புவர். எஞ்சினிலும் அடிச்சட்டத்திலும் பொறித்துள்ள எண்களைச் சுரண்டவோ ராவவோ கூடாது. அவை பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருந்தாலன்றி வண்டிக்கு மதிப்பில்லை. விளக்கு, மீட்டர், முகப்புச் சின்னம், கைச்சுழற்றி போன்ற சிறு உறுப்புகளைத் தனியே விற்றுவிட்டால் பிறகு தேடிப் பெறுவது அரிது.

நெடுநாள் நின்ற எஞ்சினைப் பலவந்தமாய்ச் சுழற்றலாகாது. பெட்ரோல் எஞ்சினாயின், பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் சிறிது எண்ணெய் விட்டு, இரண்டொரு நாள் ஊறவிட்டபின் கையால் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். பழைய எரிபொருளை வடித்து, பேட்டரியை அகற்றி, சக்கரங்கள் தரையில் படாதவாறு மரக்கட்டைகளின்மேல் நிறுத்துக. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் முதலிய கடலோரங்களில் உப்புக்காற்றால் துரு விரைவில் ஏறுமாதலின், வண்டியைக் காற்றோட்டமுள்ள உலர்ந்த கொட்டகையில் வைப்பது நலம். உரமூட்டைகளை அதன்மேல் அடுக்குவது தகட்டை அரித்துவிடும்.

விற்கும் முறை

முதலில் வரும் தரகர் சொல்லும் விலைக்கு உடன்படாமல், சேகரிப்போர் இருவர் மூவரிடமேனும் விசாரித்தறிக. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையார் 2015ஆம் ஆண்டில் அமைத்த கார் அருங்காட்சியகத்தையும், சென்னை வடபழனியில் 2023ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஏ.வி.எம். பாரம்பரிய அருங்காட்சியகத்தையும் நேரிற் காண்போருக்கு, செப்பனிடப்பட்ட பழைய வண்டி எத்தகைய நிலையில் இருக்குமென்பது விளங்கும். ஆயினும் பழையதெல்லாம் பொன்னாகிவிடாது. உறுப்புகள் பல இழந்து, பத்திரமும் இல்லாத வண்டிக்குப் பெருவிலை எதிர்பார்ப்பது ஏமாற்றத்தில் முடியும்.

முழுத் தொகையும் கைக்கு வருமுன் வெற்றுப் படிவங்களில் கையொப்பமிட்டுக் கொடுப்பது பேராபத்து. பெயர் மாறும்வரை பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளராகக் கருதப்பட்டு, விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. ஆகையால் பதிவுள்ள வண்டியை விற்பவர் 29ஆம் எண் படிவத்தில் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவித்து, அத்தாட்சியைப் பத்திரப்படுத்திக் கொள்ள வேண்டும். இனி உதவாதென்று உடைக்கவே கொடுப்பதாயினும், பதிவை ரத்துச் செய்து கொள்ளாமல் கொடுக்கலாகாது.

இரும்பாக உடைத்த வண்டியை மீண்டும் வண்டியாக்க ஒருவராலும் இயலாது. இரண்டு வாரம் பொறுத்து விசாரிப்பதால் குடியானவருக்கு இழப்பு ஒன்றுமில்லை. விசாரியாமல் எடைக்குப் போடுவதால் உண்டாகும் இழப்பையோ, பின்னர் எவ்வகையிலும் ஈடுசெய்ய முடியாது.